கீழே நின்றவன்

பிப்ரவரி 11

தம்பிக்கு,

நலமா என்று கேட்கப்போவதில்லை. வருஷத்துக்கு ஒருமுறை போனில் "நல்லா இருக்கேன் அண்ணி, அண்ணன் நல்லா இருக்காரா, சரி வச்சிடறேன்" என்று மூன்று மூச்சில் முடித்துவிடுகிறீர்கள். இதையும் போனில் சொன்னால் அந்தக் கதிதான் என்று தெரிந்தே கடிதம் எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். நம் தோட்டத்துக் காற்றாலையை மறுபடி ஓடவைக்கப் போகிறேன்.

பதறவேண்டாம். எனக்குப் புத்தி பிசகவில்லை. கீழ்க்காட்டுத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுகிற மோட்டார் இந்த வருஷம் மட்டும் மூன்று தடவை புகைந்துவிட்டது. மாடுகள் பதினான்கும் கன்றுகள் ஆறும் காலித் தொட்டியைச் சுற்றி நின்று என்னையே பார்க்கின்றன, ஏதோ நான்தான் குடித்துத் தீர்த்துவிட்டதுபோல. கிணற்றில் தண்ணீர் இருக்கிறது. மேலே காற்று இருக்கிறது. நடுவில் இருக்கிற இரும்புதான் பதினோரு வருஷமாகச் சும்மா நிற்கிறது.

பதினெட்டுத் தகடுகளில் மூன்றைக் காணோம், நான்கு தொங்குகின்றன. சக்கரத்தைக் காற்றுப் பக்கம் திருப்புகிற வால் வேலிக்குள் விழுந்து அதன்மேல் கொடி படர்ந்துவிட்டது. சக்கரத்தை அன்றைக்குச் சங்கிலி போட்டுக் கட்டினார்களே, அந்தச் சங்கிலி அப்படியே இருக்கிறது.

உங்கள் அண்ணனிடம் கேட்டேன். "உன் இஷ்டம்" என்றார். வலது கையில் கட்டைவிரல் மட்டும் மிஞ்சியிருக்கிற மனிதருக்கு அந்த இரும்பின்மேல் ஆசையா வரும்? வேண்டாம் என்று சொல்லாததே எனக்குப் போதும்.

முன்பு இதைப் பழுது பார்த்த அந்த நெட்டை பிட்டர் வந்தால் ஒரே நாளில் முடித்துக் கொடுப்பான். ஆனால் செத்தாலும் அவன் வாசலுக்குப் போகமாட்டேன். சக்கரத்தை நிறுத்த அவன் புதிதாகப் போட்ட கொக்கி ஒரே வாரத்தில் நழுவித்தானே உங்கள் அண்ணன் கைக்கு இந்தக் கோலம். அதனால் ஒரு வெல்டரைப் பிடித்திருக்கிறேன். கெட்டிக்காரர்தான், ஆனால் காற்றாலையை இதுவரை தொட்டதில்லை. உங்களுக்கு அது மனப்பாடம். கியர் பெட்டிக்கு எந்த எண்ணெய், எவ்வளவு? கிணற்றுக்குள் இருக்கிற பம்பின் தோல் வாஷர் என்ன அளவு? மேல்மூடியை எப்படிக் கழற்றுவது? எழுதுங்கள்.

அண்ணி


பிப்ரவரி 19

அண்ணிக்கு,

வணக்கம். கடிதம் கிடைத்தது.

கியர் பெட்டிக்கு மெல்லிய எண்ணெய்தான் ஊற்றவேண்டும், கிரீஸ் அடைக்கக் கூடாது. நான்கு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாகப் பிடிக்கும். பெரிய பல்சக்கரத்தின் அடிப்பாகம் நனைந்தால் போதும், அது சுற்றும்போது மேலே இருப்பதற்குத் தானே எடுத்துக் கொடுத்துவிடும். தோல் வாஷர் இரண்டரை அங்குலம். போடுவதற்கு முன்னால் எண்ணெயில் ஒருநாள் ஊறவையுங்கள், இல்லையென்றால் குழாய்க்குள் முறுக்கிக்கொள்ளும். மேல்மூடி இரண்டு போல்ட்டில் நிற்கிறது. கழற்றியதும் கயிற்றில் கட்டி இறக்கவேண்டும், தூக்கிப் போட்டால் நசுங்கும்.

சக்கரத்தை நிறுத்தும் முறை வெல்டருக்குத் தெரிந்திருக்காது. கீழே, ஏணிக்குப் பக்கத்தில் ஒரு லீவர் இருக்கிறது. அதை இழுத்தால் கம்பி மேலே வாலை மடக்கும், பிரேக்கும் சக்கரத்தைப் பிடிக்கும். இழுத்த இடத்தில் லீவர் நிற்பதற்குப் பல் வைத்த பட்டையும் கொக்கியும் உண்டு. ஆள் மேலே ஏறினால் லீவர் பக்கத்தில் ஒருவர் நின்றே ஆகவேண்டும்.

ஒன்று சொல்கிறேன். அந்த லீவர், பட்டை, கொக்கி எதையும் சுத்தம் செய்து நேரத்தை வீணாக்க வேண்டாம். மொத்தமாக வெட்டி எடுத்து இரும்புக் கடையில் போட்டுவிட்டுப் புதிதாக வாங்குங்கள். உண்மையைச் சொன்னால் காற்றாலை முழுவதையுமே போட்டுவிடலாம். நல்ல மோட்டார் எது என்று நான் விசாரித்து எழுதுகிறேன்.

இங்கே வேலை அதிகம். ஒரு நாளைக்கு ஒன்பது லிப்ட் பார்க்கவேண்டும்.

தம்பி


மார்ச் 4

தம்பிக்கு,

எண்ணெய் வாங்கியாயிற்று. வாஷர் ஊறிக்கொண்டிருக்கிறது. லீவரை வெட்டச் சொன்னீர்கள். வெட்டவில்லை. உங்கள் கடிதம் வருவதற்குள் வெல்டர் அதை மண்ணெண்ணெயில் கழுவிவிட்டார்.

கழுவிவிட்டு என்னைக் கூப்பிட்டார். "அம்மா, இதைப் போட்டவர் யாரு?" என்றார். ஏன் என்றேன். "கைகாரர்மா. பல்லு ஒண்ணொண்ணும் பாருங்க, அரம் போட்ட கோடு கூட அப்படியே இருக்கு. கொக்கி போய் உக்காந்தா ஆனையே இழுத்தாலும் வராது."

"இதுதான் நழுவி எங்க வீட்டுக்காரர் கை போச்சு" என்றேன்.

அவர் லீவரை இழுத்து மாட்டினார். நானும் அவரும் சேர்ந்து தொங்கினோம். அசையவில்லை. ஒரு சம்மட்டியால் அடித்துக் காட்டினார். அசையவில்லை. பிறகு லீவரின் தலையில் இருக்கிற பிடியை உள்ளங்கையால் அழுத்தினார். டக்கென்று விட்டுக்கொண்டது. "இது தானா நழுவாதும்மா. பிடியை யாராவது அழுத்தினாத்தான் கழலும்" என்றார்.

நான் மாட்டுத்தொட்டி விளிம்பில் உட்கார்ந்துவிட்டேன்.

அன்று மத்தியானம் உங்கள் அண்ணனிடம் கேட்டேன். தட்டில் போட்டது அப்படியே இருக்க, எழுந்து கை கழுவினார். "பழைய கதை எதுக்கு?" என்றார். அவ்வளவுதான்.

தம்பி, நான் நெட்டை பிட்டரைத் திட்டியது உங்களுக்கு நினைவிருக்கும். வீட்டுக்குள் போய்த் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. வாசலில் நின்றேன், தெருவே கேட்டது. "ஆளோட கையை வெட்டிட்டு நீ வீட்ல உக்காந்து சோறு திங்கிறியா" என்றேன். அந்த ஆள் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் மகள் பள்ளிக்கூடப் பையோடு கதவைப் பிடித்துக்கொண்டு நின்றது. அதற்குப் பிறகு சுற்றுவட்டாரத்தில் ஒருவரும் அவரை வேலைக்குக் கூப்பிடவில்லை. கூப்பிட நினைத்தவர்களையும் நான் விடவில்லை.

கீழே நின்றது நீங்கள். என்ன நடந்தது? எனக்குத் தெரியவேண்டும்.

அண்ணி


மார்ச் 12

அண்ணிக்கு,

நீங்கள் கேட்டதற்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. பதினோரு வருஷம் ஆகிவிட்டது. ஸ்பிரிங் அன்றைக்குப் புதிது, புதிய ஸ்பிரிங் சில சமயம் சரியாக உட்காராது. பிறகு துரு ஏறி இறுகியிருக்கலாம். இப்போது இறுக்கமாக இருப்பதை வைத்து அப்போதும் அப்படித்தான் இருந்தது என்று சொல்ல முடியாது. வெல்டருக்கு இந்த வேலையில் பழக்கம் இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

நான் அந்த நேரத்தில் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டுத்தான் திரும்பினேன்.

அண்ணனை இதைக் கேட்டு வருத்தப்படுத்த வேண்டாம்.

தம்பி


மார்ச் 15

அண்ணி,

மூன்று நாளுக்கு முன் நான் அனுப்பியது உங்கள் கையில் இருந்தால் கிழித்துப் போடுங்கள். அதில் ஒரு வரிகூட நிஜம் இல்லை. நான் வேறு பக்கம் பார்க்கவில்லை. மேலேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிடியை அழுத்தியது நான்.

எழுதியாகிவிட்டது. இனி எழுத முடியும்.

அந்தக் கோடையில் கியர் பெட்டிக்கு எண்ணெய் ஊற்றச் சொல்லி அண்ணன் என்னிடம் சொல்லியிருந்தார். ஊற்றிவிட்டேன் என்று சொன்னேன். ஊற்றவில்லை. அண்ணி, எனக்கு உயரம் என்றால் பயம். பத்தாவது படிக்கு மேல் கால் தந்தியடிக்கும். மேலே இருப்பதெல்லாம் அண்ணன் சொல்லக் கேட்டு மனப்பாடம் ஆனதுதான். இருபத்து நான்கு வயது தடியன், அதைப் போய் யாரிடம் சொல்வது? எண்ணெய் டின்னைக் கொட்டகைக்குப் பின்னால் மண்ணில் கவிழ்த்துவிட்டு, காலி டின்னைக் கொண்டுவந்து வைத்தேன்.

அன்று காலையில் சக்கரம் கிறீச்சிடுகிறது என்று அண்ணன் ஏறினார். மூடியைக் கழற்றினார். கீழே வெங்காயம் பிடுங்க வந்தவர்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். "எண்ணெய் ஊத்தினேன்னு சொன்னியேடா, எங்க?" என்று கத்தினார். பெட்டிக்குள் கையை விட்டு, காய்ந்த விரலைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினார். "பாருங்க, பாருங்க. வேலையும் செய்ய மாட்டான், பொய்யும் ஒழுங்கா சொல்லத் தெரியாது. இவன் டவுனுக்குப் போய்க் கிழிக்கப் போறானாம்!" அவர்கள் சிரித்தார்கள். ஒரு அம்மாள் விரலைத் தூக்கிக் காட்டி அவரைப்போலவே நடித்தாள். இன்னும் சிரித்தார்கள்.

என் கை லீவரின் மேல் இருந்தது. ஒரு குலுக்கல். அவ்வளவுதான் நினைத்தேன். சக்கரம் ஒரு சுற்று அசைந்தால் அவர் பதறிப்போய்க் கம்பியைக் கட்டிப் பிடித்துக்கொள்வார், இந்தக் கூட்டம் அவரைப் பார்த்துச் சிரிக்கும். அவர் மறுபடியும் கையை உள்ளே விட்டதை நான் பார்த்தேனா இல்லையா என்று இந்தப் பதினோரு வருஷமும் என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். பார்க்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். சத்தியம் செய்யச் சொன்னால் தயங்குவேன்.

பல்சக்கரம் விரல்களைக் கவ்வியதும், அவர் கத்துவதற்கு முன்னால் என்னைக் குனிந்து பார்த்தார். என் கை எங்கே இருக்கிறது என்று பார்த்தார்.

ஆஸ்பத்திரி வண்டியில் யாரும் கேட்பதற்கு முன்பே "கொக்கி நழுவிடுச்சு" என்றார். அந்த வார்த்தையை அவர் தந்தார், நான் வாங்கிக்கொண்டேன். மறுநாள் நீங்கள் கேட்டீர்கள், "கொக்கி நழுவினதைப் பாத்தீங்களா தம்பி?" என்று. "ஆமா அண்ணி" என்றேன். நீங்கள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினீர்கள். உங்களைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு நெட்டை பிட்டர் வாசலில் கொண்டுபோய் விட்டதும் நான்தான். நீங்கள் கத்தி முடிக்கும்வரை பைக்கின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண்ணையும் பார்த்தேன்.

இங்கே என் வேலை, லிப்டின் பிரேக் பிடிக்கிறதா என்று சோதித்துக் கையெழுத்துப் போடுவது. என் கையெழுத்தை நம்பி ஆயிரம் பேர் ஏறி இறங்குகிறார்கள்.

இதற்குமேல் என்ன எழுத?


மார்ச் 29

உன் இரண்டு கடிதமும் ஒரே நாளில் வந்தன. முதலில் பொய்யைப் படித்தேன், அப்புறம் நிஜத்தை. இரண்டையும் கிழிக்கவில்லை.

பத்து நாள் எழுதவில்லை. எழுதியிருந்தால் எழுதக்கூடாததை எழுதியிருப்பேன்.

உன் அண்ணனிடம் கொண்டுபோனேன். கன்றுக்குட்டிக்குப் புல் வைத்துக்கொண்டிருந்தார். நின்றபடியே முழுவதையும் சத்தமாகப் படித்தேன். எண்ணெய் டின்னை மண்ணில் கவிழ்த்ததிலிருந்து பைக் கண்ணாடி துடைத்ததுவரை. முடித்ததும் "தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"அவன் அழுத்தினது. பாத்தேன்."

"பதினோரு வருஷமா என்கிட்ட கூட…"

"சொல்லியிருந்தா நீ அவனைச் சும்மா விட்டிருப்பியா? எனக்கு இருக்கிறது ஒரே தம்பி."

"நெட்டை பிட்டருக்குப் பிழைக்க எத்தனை கையாம்?" என்று கேட்டேன்.

அவர் புல்லை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் மாற்றி வைத்தார். கன்று தின்றுகொண்டிருந்த புல்லை. பிறகு சொன்னார்: "வலியில அது வாயில வந்துடுச்சு. வந்ததை அப்புறம் எப்படி முழுங்குறதுன்னு தெரியல. நீ போய்க் கத்திட்டு வந்தப்புறம் இன்னும் தெரியல." அதாவது, நான் போய்க் கத்தியதால் அவர் சொல்லவில்லையாம். பழி சுற்றிச் சுற்றி என் காலடிக்கும் வந்தது. வந்தது நியாயம்தான். நீ அழுத்தினாய், அவர் மறைத்தார். அந்தப் பொய்யை ஊரெல்லாம் கொண்டுபோய் விற்றது நான். என்னைவிட நன்றாக யார் விற்றிருப்பார்கள்?

கொக்கியைத் துணியில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு நெட்டை பிட்டரைத் தேடிப் போனேன். அவர் இப்போது பிட்டர் இல்லை. கடைத்தெரு முனையில், ஒரு அலமாரி அகலத்தில் ஒரு கடை. சாவி அடித்துக் கொடுக்கிறார், பூட்டு ரிப்பேர் பார்க்கிறார். அந்த உயரத்துக்கு அந்தக் கடைக்குள் எப்படித்தான் மடங்கி உட்காருகிறாரோ. என்னைப் பார்க்காமலே "சாவியா, பூட்டா?" என்றார். நிமிர்ந்து பார்த்ததும் கையிலிருந்த அரத்தைக் கீழே வைத்துவிட்டார். அடிக்க வந்திருக்கிறேன் என்று நினைத்தாரோ என்னவோ.

வழியெல்லாம் ஒப்பித்துக்கொண்டு போனது ஒன்றும் வரவில்லை. கொக்கியை எடுத்து மேசைமேல் வைத்தேன். "உங்க மேல தப்பில்ல. என் கொழுந்தன் பிடியை அழுத்திட்டான். வீட்ல மறைச்சுட்டாங்க. நான் உங்களை…" என்றபடி கொக்கியை அவர் பக்கம் தள்ளினேன்.

அவர் கொக்கியை எடுத்தார். முனையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார்.

"இதை ஆயிரம் தடவை மனசுக்குள்ள கழட்டி மாட்டியிருக்கேம்மா" என்றார். "எங்க கோட்டை விட்டேன்னு. முதல் வருஷம், என் வேலையில தப்பில்லன்னுதான் நினைச்சேன். பத்துப் பேர் பத்து விதமா சொன்னதும் எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. அப்புறம் ஏணியில கால் வச்சா கால் ஆடும். யாரும் கூப்பிடலன்னு மட்டும் இல்ல. கூப்பிட்டிருந்தாலும் என்னால ஏறியிருக்க முடியாது."

இதைக் கேட்டாயா? அவருடைய பிழைப்பைத்தான் கெடுத்தோம் என்று நினைத்துக்கொண்டு போனேன். அவருக்கு அவர் கைமேலேயே நம்பிக்கை இல்லாமல் செய்துவிட்டு வந்திருக்கிறோம்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்க எனக்கு வாய் ஏது? அவராகத்தான் சொன்னார். கியர் பெட்டி, பிரேக், கம்பி எல்லாவற்றையும் மேலே ஏறி அவரே சரிபார்த்துத் தருவாராம். "ஆனா கீழ லீவர்கிட்ட அவன் நிக்கணும். அவன் நிக்கும்போது நான் ஏறி இறங்கணும். இல்லேன்னா எனக்கு இது தீராது."

பதில் எழுது.

அண்ணி


ஏப்ரல் 5

அண்ணிக்கு,

நீங்கள் என்னை 'நீ' என்று எழுதியிருக்கிறீர்கள். அதுதான் சரி.

என்னால் வர முடியாது. இந்த மாதம் இரண்டு பேர் விடுப்பில் இருக்கிறார்கள், மேலதிகாரி விடமாட்டார் என்று ஒரு பக்கம் எழுதினேன். கிழித்துவிட்டேன். விடுப்பு கேட்டால் கிடைக்கும். நான் கேட்கவில்லை.

அவர் ஏறும்போது லீவர் பக்கத்தில் நிற்க என்னால் முடியாது. என் கை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது. அன்றைக்கும் தெரியவில்லையே. வெல்டரை நிறுத்துங்கள். நீங்கள் நில்லுங்கள். அவரிடம் மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் தனியாக எழுதுகிறேன், நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள். வேறு எது சொன்னாலும் செய்கிறேன்.

தம்பி


ஏப்ரல் 9

நீ எழுதுகிற மன்னிப்பைச் சுமந்துகொண்டு திரிய நான் தபால்காரி இல்லை.

வரும் இருபதாம் தேதி காலை ஏழு மணிக்கு பிட்டர் வருகிறார். நீ வரமாட்டாய் என்று சொன்னேன். "பரவால்லம்மா, வந்து நிக்கிறேன்" என்கிறார். பக்கத்துத் தோட்டத்துக்காரர், பால்வண்டிக்காரர், அன்றைக்கு வெங்காயம் பிடுங்கியவர்களில் இருக்கிறவர்கள், எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். நான் எல்லோர் முன்னாலும்தானே திட்டினேன்.

நீ வராவிட்டால் அத்தனை பேர் முன்னாலும் அந்த மனிதர் ஏணியடியில் சும்மா நின்றுவிட்டு வீடு திரும்புவார். ஊர் முன்னால் அவர் தலைகுனிவது இது இரண்டாவது தடவையாக இருக்கும்.

உன் அண்ணன் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருக்கப்போவதாகச் சொல்கிறார். நான் அவரோடு இருக்கவேண்டும். ஆகையால் நீ வந்தாலும் என் முகத்தைப் பார்க்கவேண்டியிருக்காது. அந்தச் சௌகரியத்தையும் செய்து கொடுத்திருக்கிறேன்.


ஏப்ரல் 24

அண்ணி,

வீட்டுக்குள் வராமலே போய்விட்டேன். சமையலறை ஜன்னலில் நீங்கள் நின்றது தெரிந்தது. கையைத் தூக்கலாமா என்று நினைத்தேன், தூக்கவில்லை. ஜன்னலிலிருந்து பார்த்தால் காற்றாலையின் தலை மட்டும்தான் தெரியும். கீழே நடந்தது உங்களுக்குத் தெரியவேண்டும்.

நான் போனபோது பிட்டர் ஏற்கெனவே வந்து கொக்கியை அதன் இடத்தில் மாட்டியிருந்தார். என்னைப் பார்த்து ஆச்சரியப்படவும் இல்லை, கோபப்படவும் இல்லை. கருவிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டே சொன்னார்: "ஏறுறதுக்கு முன்னாடி சொல்லிடு. மேல போனப்புறம் சொன்னா காத்துல எனக்குக் கேக்காது."

சொன்னேன். பதினைந்து இருபது பேர் இருந்திருப்பார்கள். எண்ணெய் டின்னிலிருந்து ஆரம்பித்தேன். நடுவில் குரல் இறங்கிவிட்டது. பால்வண்டிக்காரர் "சத்தமா சொல்லுப்பா" என்றார். குரூரமாகச் சொல்லவில்லை, நிஜமாகவே கேட்கவில்லை. அந்த இடத்தை இன்னொரு தடவை சொன்னேன். பிடியை அழுத்தியது நான்தான் என்கிற இடத்தை.

யாரும் என்னைத் திட்டவில்லை. அதற்குத்தான் தயாராகப் போயிருந்தேன். அன்றைக்கு விரலைத் தூக்கி நடித்தாரே, அந்த அம்மாள், "நாமளும்ல சிரிச்சோம்" என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். பக்கத்துத் தோட்டத்துக்காரர் பிட்டரின் முகத்தைப் பார்க்க முடியாமல் வேலிக்கம்பியை நிமிர்த்த ஆரம்பித்துவிட்டார். நேராக இருந்த கம்பியை.

பிட்டர் ஏறினார். நான்காவது படியில் நின்றுவிட்டார். அவர் முழங்கால் நடுங்குவது துணிக்கு மேலேயே தெரிந்தது. அந்த நடுக்கம் எனக்குத் தெரியும் அண்ணி, என் சொந்த நடுக்கம் அது. நான் அதை அவருக்குக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறேன். இறங்கினார். தண்ணீர் குடித்தார். லீவரையும் கொக்கியையும் ஒரு தடவை பார்த்தார், என் கையைப் பார்த்தார். மறுபடி ஏறினார். இந்தத் தடவை நிற்கவில்லை.

கொக்கி பிடித்திருந்தது, நான் பிடிக்கவேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் லீவரின் தண்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன், பிடியிலிருந்து ஒரு முழம் தள்ளி. இரண்டு மணி நேரமும் பத்து நிமிஷமும் ஆயிற்று. காற்று வந்தபோதெல்லாம் தண்டு உள்ளங்கையில் அதிர்ந்தது. ஒரு தடவை அவர் கியர் பெட்டிக்குள் தோள்வரை கையை விட்டார். அப்போது மட்டும் கண்ணை மூடிக்கொள்ளத் தோன்றியது. மூடவில்லை.

இறங்கி வந்ததும் என் விரல்கள் விரியவில்லை. அவர்தான் ஒவ்வொன்றாகத் தண்டிலிருந்து எடுத்துவிட்டார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. "என் பொண்ணுகிட்ட நீயே போய்ச் சொல்லு. நான் சொன்னா, அப்பா சமாளிக்கிறார்னு நினைக்கும்" என்றார்.

போனேன். அவள் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். வரிசையில் நின்று, என் முறை வந்ததும் சொன்னேன். மாத்திரை அட்டையைக் கத்தரித்துக்கொண்டே கேட்டாள். பாதியில் கத்தரிக்கோல் நின்றுவிட்டது.

"அப்பா மேல தப்பு இல்லன்னு எங்கம்மா மட்டும்தான் சொல்லிட்டு இருந்தாங்க" என்றாள். "நான் நம்பல. எங்கப்பா பூட்டுக் கடை வச்சிருக்கார்னு மட்டும்தான் பிரெண்ட்ஸ்கிட்ட சொல்வேன். முன்னாடி என்ன வேலை பாத்தார்னு யாரும் கேட்டுடக் கூடாதுன்னு பயந்துட்டே இருப்பேன். இப்ப வீட்டுக்குப் போய் அவர் முகத்தை நான் எப்படிப் பாக்குறது? சொல்லுங்க."

அவள் கொஞ்ச நேரம் காத்திருந்தாள், நிஜமாகவே பதிலை எதிர்பார்த்ததுபோல. பிறகு எனக்குப் பின்னால் நின்றவரைப் பார்த்து "உங்களுக்கு என்ன வேணும்?" என்றாள்.

உங்களுக்கும் அண்ணனுக்கும் மன்னிப்புக் கேட்டு இதோடு ஒரு தாள் வைக்க நினைத்தேன். நீங்கள் தபால்காரி இல்லை. எனவே வைக்கவில்லை.

தம்பி


மே 6

தம்பி,

தண்ணீர் வருகிறது. முதல் நாள் துருவாக, இரண்டாம் நாள் சேறாக, மூன்றாம் நாள் தண்ணீராக. மாடுகள் ஒருநாள் முழுக்க மோந்து பார்த்துவிட்டு மூக்கைத் திருப்பிக்கொண்டன. அப்புறம் பெரிய பசு குடித்தது, அதைப் பார்த்து எல்லாம் குடித்தன. சக்கரத்தில் இப்போது கிறீச் சத்தம் இல்லை. தகடுகளையும் வாலையும் மாட்டிக் கொடுத்த வெல்டர் தினமும் வந்து பார்த்துவிட்டு, ஏதோ தானே பெற்ற பிள்ளைபோல நிமிர்ந்து நிற்கிறார்.

உன் அண்ணன் சமாச்சாரம் எழுதவேண்டும்.

நீ வந்த அன்று சாத்திய கதவை மூன்று நாள் அவர் திறக்கவில்லை என்றே சொல்லலாம். கொட்டகைக்குப் போவார், வருவார், பேசமாட்டார். என்மேல் கோபம். தம்பியைக் கூட்டத்தில் நிற்கவைத்து மானத்தை வாங்கிவிட்டேனாம். "நான் கையைக் கொடுத்துக் காப்பாத்தினதை நீ ஒரே காலையில தொலைச்சுட்ட" என்றார். நீங்கள் கொடுத்தது உங்கள் கையை மட்டும் இல்லை, அடுத்தவர் கையையும் சேர்த்து என்றேன். அதற்குப் பிறகு ஒரு வாரம் வீட்டில் சத்தமே இல்லை.

போன சனிக்கிழமை காலையில் பார்க்கிறேன், வாசற்கதவின் பூட்டைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டிருக்கிறார். "எங்க?" என்றேன். "பூட்டு சரியில்ல" என்றார். அந்தப் பூட்டு போன வருஷம் வாங்கியது. ஒன்றும் சொல்லாமல் நானும் செருப்பை மாட்டிக்கொண்டு பின்னாலேயே போனேன். வேண்டாம் என்று சொல்லவில்லை.

கடைத்தெரு முனையில் பிட்டர் கடைக்கு முன்னால் நான்கு பேர் நின்றார்கள். உன் அண்ணன் ஐந்தாவதாக நின்றார். வலது கையைச் சட்டைப் பைக்குள் விட்டிருந்தார். முறை வந்ததும் பூட்டை இடது கையால் எடுத்து மேசைமேல் வைத்தார். அவருக்குப் பின்னாலும் இரண்டு பேர் வந்து சேர்ந்திருந்தார்கள்.

பிட்டர் சாவியைப் போட்டுத் திருப்பினார். திறந்தது. பூட்டினார், திறந்தார். மூன்று தடவை. "பூட்டுல ஒண்ணும் இல்லையே" என்றார்.

"ஆமா" என்றார் உன் அண்ணன். "பூட்டுல ஒண்ணும் இல்ல. அன்னைக்கு உங்க வேலையிலயும் ஒண்ணும் இல்ல. எனக்குத் தெரியும். அன்னைக்கே தெரியும். தெரிஞ்சுதான் உங்க தலையில போட்டேன்." மெதுவாகப் பேசுகிற மனிதர்தானே, அன்றைக்குத் தெருவுக்கே கேட்டது. வலது கையைப் பையிலிருந்து வெளியே எடுத்து, அந்த ஒற்றைக் கட்டைவிரலோடு மேசைமேல் வைத்துக்கொண்டு நின்றார். யாரும் பார்க்காதபடி மறைத்து வைத்தே பழகிய கை அது.

பிட்டர் அந்தக் கையைப் பார்த்தார். பின்னால் நின்ற ஒருவர், பாவம், தன் சாவியை எடுத்துக்கொண்டு அப்புறம் வருகிறேன் என்று நகர்ந்துவிட்டார்.

"இதைச் சொல்றதுக்கா வாசக்கதவுப் பூட்டைக் கழட்டிட்டு வந்தீங்க?" என்றார் பிட்டர் கடைசியில்.

"வேற எப்படி வர்றதுன்னு தெரியல."

பிட்டர் பூட்டைத் துணியால் துடைத்து, இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, அவருடைய இடது கையில் வைத்தார். "வீடு திறந்து கிடக்கும். முதல்ல போங்க" என்றார். சிரித்தாரா என்று கேட்காதே. சிரிக்கவில்லை. ஆனால் நாங்கள் திரும்பி நடந்தபோது, "காத்தாடிக்கு ஆறு மாசத்துல எண்ணெய் மாத்தணும். நான் வர்றேன்" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. உன் அண்ணன் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பியிருந்தால் முகத்தைக் காட்டவேண்டியிருக்கும்.

உன்னைப் பற்றி இன்னும் பேசவில்லை அவர். நானும் எடுக்கவில்லை. எனக்கும் இன்னும் ஆறவில்லை, பொய் சொல்வானேன். இதை எழுதிக்கொண்டிருக்கும்போது வந்து பக்கத்தில் நின்றார். "யாருக்கு?" என்றார். சொன்னேன். போய்விடுவார் என்று நினைத்தேன். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

"போய்ச் சேர எத்தனை நாள் ஆகும்?" என்று கேட்டார்.

நாலு நாள் என்றேன்.

"நாலு நாளா" என்றார்.

அண்ணி